உத்கல தேசத்து அன்னமும் அட்சரமும்

தமிழ் படித்தவர்களுக்குக் கலிங்க தேசம் முதன்முதலில் அறிமுகமாவது ஒரு தோல்வியின் பெயராகத்தான். பள்ளிக்கூடத்துச் சரித்திர புஸ்தகத்தில் அசோக சக்கரவர்த்தி கலிங்கத்தை வென்று, வென்ற பின் மனம் நொந்து, தர்மத்தைத் தழுவினான் என்று வாசிக்கிறோம். இலக்கிய வகுப்பிலோ, கப்பம் கட்டத் தவறிய கலிங்கத்தின்மீது முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் படையெடுத்துச் சென்று வாகை சூடியதை ஜயங்கொண்டார் பரணியாகப் பாடினார் என்று கற்கிறோம். இரண்டிலும் கலிங்கம் ஒரு போர்க்களமாக நிற்கிறதேயன்றி, உழுது, நெய்து, சமைத்து, பாடி, பேசி வாழ்ந்த ஒரு ஜனசமூகமாக நம் கண்ணில் படுவதில்லை. வென்றவனுடைய கீர்த்தியை எழுதுவதற்குக் கல்லும் ஏடும் எப்போதும் கிடைத்துவிடுகின்றன. தோற்றவன் எதை இழந்தான் என்பதைக்கூட வென்றவன் வாயிலாகவே நாம் கேட்டுக்கொள்கிறோம். அவன் எதைக் காப்பாற்றிக்கொண்டான் என்று கேட்பவர் மிகச் சிலர். அந்தக் கேள்வியை, கலிங்கமென்றும் உத்கலமென்றும் பெயர்பெற்ற ஒடிசாவைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். பல நூற்றாண்டுக் காலம் பிறர் கையில் துண்டு துண்டாகக் கிடந்த அந்த நாடு, தன் அன்னத்தையும் தன் அட்சரத்தையும் பற்றிக்கொண்டு மீண்டும் ஒன்றாயிற்று என்பது என் துணிபு.

கிழக்குக் கடற்கரையில், ஆந்திரத்துக்கு வடக்கிலும் வங்கத்துக்குத் தெற்கிலும், ஏறத்தாழ 1,55,700 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்திருக்கும் இந்த மாநிலத்தில், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 4 கோடியே 20 லட்சம் மக்கள் வசிக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 23 பேர் அளவில், 62 சமூகங்களாக அட்டவணையில் இடம்பெற்ற பழங்குடிகள். கடலோரத்தில் மகாநதியும் பிராம்மணியும் வைதரணியும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் சமவெளி. உள்ளே செல்லச் செல்ல சால மரக் காடுகளும் குன்றுகளும். சமவெளியிலிருப்பவன் நெல்லை நம்பி வாழ்கிறான்; குன்றிலிருப்பவன் கேழ்வரகையும் சாமையையும் காட்டையும் நம்பி வாழ்கிறான். இருவருக்குமாகச் சேர்த்து வானம் சில சமயம் பெய்யாமலும், சில சமயம் புயலாகவும் வந்து சோதிக்கிறது.

புவனேசுவரத்துக்கு அருகே தயா நதிக்கரையில் தவுளி என்ற சிறு குன்று இருக்கிறது. பாறையைப் பிளந்து வெளியே வருவதுபோல் ஒரு யானையின் முன்பாதி மட்டும் அங்கே செதுக்கப்பட்டிருக்க, அதன் கீழே அசோகனுடைய சாசனங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மடிந்தனர் என்றும் ஒன்றரை லட்சம் பேர் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டனர் என்றும் அவன் வருந்திச் சொல்லும் பதின்மூன்றாம் சாசனம் தேசத்தின் மற்றப் பகுதிகளில் கிடைக்கிறது. ஆனால் தவுளியிலும், கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும், அதாவது அடிபட்ட ஜனங்கள் வாழ்ந்த இடத்திலேயே, அந்தச் சாசனம் பொறிக்கப்படவில்லை. அதற்குப் பதிலாக, மனிதர் யாவரையும் தன் குழந்தைகளாகவே கருதுவதாகச் சொல்லி, காரணமின்றி யாரையும் சிறையிலிடக் கூடாதென்றும் துன்புறுத்தக் கூடாதென்றும் அதிகாரிகளை எச்சரிக்கும் வேறிரண்டு சாசனங்கள் அங்கே உள்ளன. புண்பட்டவனிடம் சென்று அவனுடைய புண்ணை வர்ணிக்க ஒரு பேரரசன் கூசியிருக்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அசோகனுக்குப் பின் நூறு, இருநூறு ஆண்டுகளுக்குள் கலிங்கம் தன் குரலிலேயே பேசத் தொடங்கிவிட்டது. உதயகிரிக் குன்றில் ஹாதிகும்பா என்னும் குகையின் நெற்றியில், காரவேலன் என்ற ஜைன அரசன் தன் ஆட்சியை ஆண்டுவாரியாக விவரித்துப் பதினேழு வரிகளில் ஒரு சாசனம் பொறித்து வைத்தான். நந்த அரசன் தூக்கிக்கொண்டு போயிருந்த ஜினருடைய பிம்பத்தை மகதத்திலிருந்து மீட்டு வந்ததையும், தமிழரசர்களின் நெடுநாளைய கூட்டணியொன்றை உடைத்ததையும், பாண்டிய நாட்டிலிருந்து முத்தும் மணியும் வந்ததையும் அவன் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்கிறான். அரசர்கள் இப்படிச் சொல்லிக்கொள்வது வழக்கந்தான். என் மனத்தைக் கவர்ந்தது அவனுடைய ஆட்சியின் முதலாம் ஆண்டுச் செய்தி: புயற்காற்றினால் இடிந்துபோன கோபுர வாயில்களையும் மதில்களையும் வீடுகளையும் பழுதுபார்த்தான் என்பது அது. பட்டமேறிய அரசன் முதற்காரியமாக எங்கேனும் படையெடுத்துப் போனதாக இல்லாமல், புயல் குலைத்ததைச் செப்பனிட்டான் என்று தொடங்கும் சாசனத்தைப் பாரத தேசத்தில் வேறெங்கே காண முடியும்? இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தக் கடற்கரையில் ஆட்சி செய்வோருக்கு முதற்கடமை அதுவாகவே இருந்து வருகிறது.

நமக்கும் அவர்களுக்கும் இருந்த உறவு பகை மட்டுமன்று. பரணியிலே தோல்வியுற்றவனாக வரும் கலிங்க வேந்தன் அனந்தவர்மன் சோடகங்கனுடைய தாய் ராஜசுந்தரி சோழ வம்சத்துப் பெண். சோடகங்கன் என்ற பெயரின் முற்பாதியான ‘சோட’, அதாவது சோழ, என்பதே தாய்வீட்டுச் சீதனம். தாய்வழி உறவினரிடம் தோற்ற அந்த மன்னனே, எழுபது ஆண்டுக்கால அளவில் ஆட்சி புரிந்து, கங்கைக் கரை முதல் கோதாவரிப் பிரதேசம் வரை ராஜ்யத்தை விஸ்தரித்து, இன்று பூரியில் வானளாவ நிற்கும் ஜகந்நாதர் ஆலயத்துக்கு அஸ்திவாரமிட்டான். அவன் வம்சத்தில் வந்த முதலாம் நரசிம்மதேவன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கோனாரக்கில் சூரியனுக்கு இருபத்துநான்கு சக்கரங்களும் ஏழு குதிரைகளும் பூண்ட தேராகவே ஒரு கோயில் எழுப்பினான். கோனாரக்கைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆகையால் நான் பூரிக்கே போகிறேன். உத்கலத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பூரியின் ஜகந்நாதர் கல்லாலோ பஞ்சலோகத்தாலோ ஆனவர் அல்லர், வேப்பமரத்தால் ஆனவர். வட்டக் கண்களும், முழுமை பெறாத கைகளுமாகத் தமையன் பலபத்திரரோடும் தங்கை சுபத்திரையோடும் வீற்றிருக்கும் அந்த மூர்த்தியை, ஆதியில் சபரர் என்னும் வேடர் குலத்துத் தலைவன் விசுவாவசு காட்டில் வைத்துப் பூஜித்து வந்தான் என்பது ஐதிகம். அந்த விசுவாவசுவின் வழிவந்தவர்களாகக் கருதப்படும் தைதாபதிகள், தாம் ஸ்வாமியின் உறவினர் என்ற உரிமையோடு இன்றும் முக்கியமான கைங்கரியங்களைச் செய்கிறார்கள். மரமாகையால் உடல் மூப்படையும். எனவே ஆஷாடம் அதிக மாதமாக இருமுறை வரும் வருஷங்களில், எட்டு, பன்னிரண்டு அல்லது பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை, லக்ஷணம் பொருந்திய வேப்பமரங்களைத் தேடிக் கண்டுபிடித்துப் புது மூர்த்திகளைச் செய்து, பழையவற்றைக் கோயில் வளாகத்திலேயே அடக்கம் செய்கிறார்கள். நவகளேபரம் என்னும் அந்த வைபவம் 1996லும் 2015லும் நடந்தது. தெய்வத்துக்கும் மூப்பும் மறுபிறப்பும் உண்டு என்று கொண்டாடும் பக்தியில் ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. ஸ்நான பௌர்ணமியன்று நூற்றெட்டுக் குடம் நீராடிய ஸ்வாமிக்கு ஜுரம் கண்டுவிடுமாம். பதினைந்து நாள் தரிசனம் கிடையாது. அந்நாட்களில் ஸ்வாமிக்குப் பதிலாக, சித்திரகாரர்கள் துணியில் தீட்டிய படங்களே பூஜை பெறுகின்றன. புளியங்கொட்டைப் பசையும் சுண்ணத்தூளும் பூசி உரமேற்றிய துணியில், சங்கை அரைத்து வெண்மையும், இங்குலிகத்தால் செம்மையும், விளக்குப் புகையால் கருமையும் கொண்டு தீட்டுகிற அந்தப் பட்டசித்திரக் கலை, பூரிக்கு அருகிலுள்ள ரகுராஜ்பூர் கிராமத்தில் வீட்டுக்கு வீடு வாழ்கிறது.

ஜுரம் தெளிந்து எழுந்ததும் ரத யாத்திரை. மூன்று தேர்களும் ஆண்டுதோறும் புது மரத்தில் செய்யப்படுகின்றன. அட்சய திருதியையன்று வேலை தொடங்கும். ஜகந்நாதரின் நந்திகோஷத்துக்கு 16 சக்கரங்கள், பலபத்திரரின் தாளத்துவஜத்துக்கு 14, சுபத்திரையின் தர்பதளனத்துக்கு 12. தேர் நகர்வதற்கு முன் பூரியின் கஜபதி மஹாராஜா வந்து, பொன்பிடி போட்ட துடைப்பத்தால் மூன்று தேர்த்தட்டுகளையும் பெருக்கி, வாசனை நீர் தெளிக்கிறார். இது வெறும் சம்பிரதாயமாக ஏற்பட்டதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மூன்றாம் அனங்கபீமதேவன் தன் ராஜ்யம் முழுவதையும் ஜகந்நாதருக்கு அர்ப்பணித்து, தான் அவருடைய பிரதிநிதியே என்று பிரகடனம் செய்தான். அரசனின் உண்மையான அரசர் ஸ்வாமி என்றான பிறகு, அரசன் பிடிக்கத்தக்க கோல் எது? யாவரும் காணப் பெருக்குகிற கோலே. பிறகு கயிற்றைப் பிடிப்பவரில் ஜாதி பார்ப்பதில்லை. கோயிலுக்குள் நுழைய முடியாத முகமதிய பக்தர் சாலபேகர், பதினேழாம் நூற்றாண்டில் பாடிய பாடல்களை இன்றும் ஒடிசா முழுதும் பாடுகிறார்கள். பெரிய வீதியிலுள்ள அவருடைய சமாதியருகே நந்திகோஷம் சற்று நின்றே மேலே செல்கிறது.

ஆலயத்தின் வடகிழக்குப் பகுதியில் ஆனந்த பஜார் என்று ஓரிடம். அங்கே போய் நின்றால் உத்கலத்தைப் புரிந்துகொள்ளலாம். கோயில் மடைப்பள்ளியில் சமைப்பது மண்பானையில், விறகடுப்பில். பானைமேல் பானையாக அடுக்கி வேகவைக்கிறார்கள். ஒருமுறை பயன்பட்ட பானை மறுமுறை அடுப்பேறாது. மேலைத் தேசத்தார் கொண்டுவந்த உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் ஒன்றும் உள்ளே புகுந்ததில்லை. பூசணி, சேனை, வாழை, கத்தரி, பருப்பு, தேங்காய், நெய், இஞ்சி, மிளகு. ஜகந்நாதருக்கு நிவேதித்து, பிறகு விமலா தேவிக்கும் காட்டிய பிற்பாடே அது மஹாப்பிரசாதமாகிறது. காவடியில் பானைகள் தொங்க ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து பஜாரில் இறக்கினால், வாங்குபவர் பானையில் கைவிட்டு ருசி பார்த்தே வாங்கலாம். எச்சில் என்ற தோஷம் அந்த அன்னத்துக்கு இல்லை. பிராம்மணனும் உழவனும் தரையில் ஒரே இலையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடலாம். யார் கையால் வாங்கினாலும் மறுக்கக் கூடாது. அந்தச் சோற்றில் கொஞ்சம் காயவைத்து, நிர்மால்யம் என்று சிறு பையில் முடிந்து ஊருக்கு எடுத்துச் செல்வார்கள். அந்திமக் காலத்தில் வாயில் இரண்டு பருக்கை இடுவார்கள். இருவர் உயிர்த்தோழமை கொள்ள விரும்பினால் மஹாப்பிரசாதத்தைப் பகிர்ந்து உண்டு, அதன் பிறகு ஒருவரையொருவர் ‘மஹாப்பிரசாதம்’ என்றே அழைப்பார்கள்.

இந்தச் சமபந்திக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் பலராம தாசர் ஒடிய மொழியில் லக்ஷ்மி புராணம் இயற்றினார். மார்கசீர்ஷ மாதத்து வியாழக்கிழமையன்று ஊரைச் சுற்றிவர வந்த மஹாலக்ஷ்மி, பெரிய மாளிகைகள் பெருக்காமல் கிடப்பதையும், ஊருக்குப் புறம்பே ஸ்ரீயா என்ற சண்டாளப் பெண் தன் குடிசையை மெழுகிக் கோலமிட்டு விளக்கேற்றி வைத்திருப்பதையும் கண்டு, அவள் வீட்டிலே காலடி வைத்தாள். இதைக் கண்ட பலபத்திரர், தீட்டுப்பட்டவள் இனிக் கோயிலுக்குள் வரலாகாதென்று தம்பியை நிர்ப்பந்தித்து அவளை வெளியேற்றினார். லக்ஷ்மி போனாள், அவளோடு அரிசியும் அடுப்பும் போயின. மூவுலகுக்கும் அன்னமிடுபவர் என்று பெயர்பெற்ற அண்ணனும் தம்பியும் பன்னிரண்டு ஆண்டு பிச்சையெடுத்தும் வயிறு நிரம்பவில்லை. கடைசியில் ஒரு சண்டாளியின் வீடென்று தெரிந்தே ஒரு வாயிலில் நின்று சோறு கேட்டு உண்டார்கள். அது லக்ஷ்மியின் வீடு. இனி ஸ்ரீக்ஷேத்திரமான பூரியில் சண்டாளனும் பிராம்மணனும் ஒருவர் கையால் ஒருவர் உண்ண வேண்டும் என்ற நிபந்தனையின் பேரிலே அவள் திரும்பினாள்.

இதை ஒரு கிரந்தமாக அலமாரியில் வைத்து அவர்கள் பூஜிக்கவில்லை. மார்கசீர்ஷத்து ஒவ்வொரு வியாழனும் ஒடிசாவின் கிராமங்களில் மாணபசா விரதம். புது நெல்லை ‘மாணா’ என்ற மரக்காலில் கோபுரமாக நிரப்பி லக்ஷ்மியாக வைப்பார்கள். அதற்கு முன்தினமே பெண்கள் சுவரையும் தரையையும் மெழுகி, அரிசி மாவைக் கரைத்து விரல் நுனியால் ஜோட்டி என்னும் கோலமிடுவார்கள்: வாசற்படியிலிருந்து நெற்குதிர் வரை சின்னஞ்சிறு பாதங்கள், சுவரில் குலை தள்ளிய நெற்கதிர்கள். பிறகு வீட்டுப் பெண்ணொருத்தி உட்கார்ந்து லக்ஷ்மி புராணத்தை உரக்க வாசிப்பாள். ஜாதித் தீட்டைக் கண்டித்து இயற்றிய ஒரு நூலை ஐந்நூறு ஆண்டுக் காலமாகச் சமையற்கட்டிலே பெண்கள் பாராயணம் செய்து வந்திருக்கிறார்கள் என்றால், அது எவ்வளவு பெரிய காரியம்!

ஆனால் கதை காட்டிய வழியில் நாடு முழுவதும் நடந்துவிட்டதாகச் சொன்னால் அது பொய்யாகும். ஹரிஜனங்கள் நெடுங்காலம் பூரிக் கோயிலுக்குள் அனுமதிக்கப்படவில்லை. 1934இல் காந்தியடிகள் ஹரிஜன யாத்திரையை நடைப்பயணமாக மாற்றிக்கொண்டது பூரியிலிருந்துதான். 1938இல் கஸ்தூரிபா அந்தக் கோயிலுக்குள் போய்விட்டார் என்று அறிந்து அவர் பட்ட வேதனை அவருடைய சரித்திரத்தில் பிரசித்தம். இதைவிடக் கொடியதொன்று 1866ஆம் வருஷத்து க்ஷாமத்தில் நேர்ந்தது. முந்திய ஆண்டு பருவமழை பொய்த்தது. அரிசியை வரவழைக்க ஆங்கில அதிகாரிகள் காலத்தே முயலவில்லை. முயன்றபோது மழைக்காலக் கடல் கப்பல்களை அண்டவிடவில்லை. ஏறத்தாழ பத்து லட்சம் பேர், ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர், பட்டினியிலும் நோயிலும் இறந்தார்கள். அன்னசத்திரத்தில் கஞ்சி குடித்து உயிர் தப்பியவர்களையோ, ‘சத்திரத்தில் தின்றவர்கள்’ என்று ஜாதியை விட்டே தள்ளினார்கள். ஆனந்த பஜாரில் பாவனமாயிருந்த பொதுச் சோறு பசித்தவன் கஞ்சித் தொட்டியில் தீட்டாகிவிட்டது. லக்ஷ்மி இன்னொரு முறை வெளியேறியிருந்தாலும் தகும்.

அந்த க்ஷாமத்துக்கு ஒரு மூலகாரணம், அந்த ஜனங்களுக்கென்று பேச எவரும் இல்லாமற்போனது. 1803இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய பிறகு ஒடிய மொழி பேசும் நாடு பல கூறாயிற்று: கடற்கரைப் பகுதி வங்கத்தோடு, கஞ்சம் சென்னை ராஜதானியோடு, சம்பல்பூர் மத்திய மாகாணத்தோடு. எங்கும் அவர்கள் சிறுபான்மை. எங்கும் உத்தியோகம் பிறருடையது. க்ஷாமம் கொடுமையாயிருந்த அதே 1866இல்தான் கௌரிசங்கர ராய் கட்டாக்கில் ‘உத்கல தீபிகை’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். பசியைப் பற்றி மேலிடத்தில் முறையிடவும் சொந்த அட்சரம் வேண்டும் என்பதை அந்த ஜனங்கள் எவ்வளவு விலை கொடுத்துக் கற்றார்கள்!

கற்ற சிறிது காலத்துக்குள் அந்த அட்சரத்துக்கே ஆபத்து வந்தது. 1870இல் பாலேசுவரத்தில் ஆசிரியராயிருந்த காந்திசந்திர பட்டாச்சார்யா என்பவர், ஒடியா ஒரு தனி மொழியே அல்ல, வங்காளியின் ஒரு கிளையே என்று நிலைநாட்டப் புஸ்தகம் எழுதினார். பாடசாலைகளில் வங்க மொழியே போதும் என்ற வாதத்துக்கு அது துணையாயிற்று. எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் பகீர் மோகன் சேனாபதி. இளமையில் தாய்தந்தையரை இழந்து, முறையான படிப்பு அதிகமின்றி, தாமாகவே பல பாஷைகளைக் கற்ற அவர், 1868இலேயே நண்பர்களோடு சேர்ந்து பாலேசுவரத்தில் அச்சுக்கூடம் ஏற்படுத்தியிருந்தார். பாடபுத்தகம் இல்லை என்ற குறையைத் தாமே எழுதித் தீர்த்தார். பின்னாளில் அவர் எழுதிய ‘ச மாண ஆட குண்ட’ என்ற நாவல், பாகியா, சாரியா என்ற நெசவாளத் தம்பதியின் சிறு நிலத்தை ஒரு ஜமீன்தார் பறித்துக்கொள்ளும் கதை. உயர்ந்தோர் நடையில் அல்லாமல், கிராமத்தான் பேச்சின் கூர்மையோடு எழுதப்பட்டது. இந்திய மொழிகளில் ஏழைக் குடியானவனை நடுநாயகமாக்கிய முதல் நாவல்களுள் ஒன்றாக அதை வைத்து எண்ண வேண்டும்.

1895இல் சம்பல்பூரின் கச்சேரிகளில் ஒடியாவை நீக்கி ஹிந்தியைப் புகுத்த உத்தரவாயிற்று. தன் வழக்கு தனக்கே புரியாத நிலையில் குடியானவன் கச்சேரி வாசலில் நின்றான். கிளர்ச்சி மூண்டது, சில ஆண்டுகளுக்குள் உத்தரவு ரத்தாயிற்று, 1905இல் சம்பல்பூர் ஒடியப் பகுதிகளோடு மீண்டும் இணைந்தது. ஒடியர்களில் முதல் பட்டதாரியான மதுசூதன தாஸ் 1903இல் கூட்டிய உத்கல சம்மேளனம், சிதறிக் கிடந்த நான்கு திசை மக்களையும் ஒரே பந்தலில் உட்கார வைத்தது. கோபபந்து தாஸ் சாட்சிகோபாலில் மரத்தடியில் பள்ளிக்கூடம் நடத்தியும், ‘சமாஜ்’ பத்திரிகை நடத்தியும் ஒரு தலைமுறையைத் தயாரித்தார். 1936 ஏப்ரல் முதல் தேதி ஒடிசா தனி மாகாணமாயிற்று. சென்னை ராஜதானியிலிருந்து கஞ்சமும் கோராபுட்டும் பிரிந்து அதனோடு சேர்ந்தன. ஆந்திர ராஜ்யம் உதயமானது 1953இல். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே மொழியின் பேரால் இந்தியாவில் ஒரு மாகாணம் அமைந்துவிட்டது என்பதைத் தமிழர் பலர் அறியார். சுதந்திரத்துக்குப் பின் சுதேச சமஸ்தானங்களும் சேர்ந்தன. தலைநகரம் கட்டாக்கிலிருந்து புவனேசுவரத்துக்கு மாறியது. 2014இல் ஒடியா செம்மொழியாயிற்று.

அன்றாட வாழ்வைச் சொல்வதானால் பகாளாவிலிருந்து தொடங்க வேண்டும். ராத்திரி வடித்த சோற்றில் நீரூற்றி வைத்து, மறுநாள் லேசாகப் புளித்ததும் தயிரோ எலுமிச்சையிலையோ சேர்த்து, கீரை வதக்கலும், நொறுக்கிய உளுந்து வடகமும், பொரித்த மீனும் தொட்டுக்கொண்டு உண்பது. வெயிற்காலத்தில் வயலிலிருந்து வருபவனுக்கும் கச்சேரியிலிருந்து வருபவனுக்கும் அதுவே அமிர்தம். நம் பழையசோற்றுக்கு உடன்பிறந்தது அது; நாம் வெட்கப்பட்டு ஒளித்ததை அவர்கள் ஸ்வாமிக்கே நிவேதனமாக வைத்துக் கௌரவித்தார்கள்.

ஆனி மாதப் பிறப்பையொட்டி மூன்று நாள் ரஜ பண்டிகை. மழைக்கு முன் பூமாதேவி அந்நாட்களில் ரஜஸ்வலையாகிறாள் என்பது நம்பிக்கை. ஆகவே ஏர் பூட்டக் கூடாது, மண்ணைக் கிண்டக் கூடாது. பெண்களோ அம்மியும் உரலும் தொடாமல், புத்தாடை உடுத்தி, காலில் அலக்தகம் பூசி, மரக்கிளைகளில் கட்டிய ஊஞ்சலில் ஆடிப் பாடிக்கொண்டிருப்பார்கள். அரிசி மாவும் தேங்காயும் வெல்லமும் சேர்த்து வாழையிலைக்குள் வைத்து மெல்லிய தணலில் சுட்ட போடபிட்டா அந்நாளைய பலகாரம். நான்காம் நாள் அம்மிக்கல்லைப் பூமாதேவியாகப் பாவித்து நீராட்டுகிறார்கள். மாதவிலக்கைத் தீட்டென்று மூலையில் உட்காரவைத்த தேசத்திலேயே, அதன் பேரால் பெண்ணுக்கும் பூமிக்கும் ஓய்வும் உத்ஸவமும் அளித்த ஜனங்களும் இருந்திருக்கிறார்கள் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிய வேண்டும்.

கார்த்திகைப் பௌர்ணமியன்று விடியற்காலையில், வாழைமட்டையாலும் காகிதத்தாலும் செய்த சின்னப் படகுகளில் விளக்கும் வெற்றிலை பாக்கும் வைத்து ஆற்றிலும் குளத்திலும் மிதக்க விடுகிறார்கள். முன்னோர் பாலிக்கும் ஜாவாவுக்கும் வாணிகம் செய்யப் புறப்பட்ட நாளின் நினைவு அது. மேற்கே பர்கட், சோனேபூர்ப் பகுதிகளில் நெசவாளர், தறியேற்றும் முன்பே நூலைக் கணக்கிட்டுக் கட்டிக் கட்டிச் சாயம் தோய்த்து, நெய்யும்போது சங்கும் மீனும் மலரும் தாமாகவே துணியில் தோன்றும்படி செய்கிற பந்தா வேலை உலகப் பிரசித்தி பெற்றது. அந்த நெசவாளக் குடியிலே பிறந்தவரே மகாகவியாகப் போற்றப்படும் கங்காதர மேஹர்.

புயலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1999 அக்டோபர் 29ஆம் தேதி மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பெரும்புயலில் ஏறத்தாழ பதினாயிரம் பேர் மாண்டனர். அதற்குப் பின் ஒடிசா அரசாங்கம் பேரிடருக்கென்றே தனி ஸ்தாபனம் அமைத்து, கடலோரமெங்கும் புகலிடங்கள் கட்டி, கிராமத்து இளைஞர்களைப் பழக்கியது. 2013இல் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரைக் காற்று எட்டுமுன்னே அப்புறப்படுத்திவிட்டார்கள். இறந்தவர் சில பத்துப் பேரே. ஏழை மாநிலம் என்று பெயரெடுத்த ஒரு நாடு, செல்வ நாடுகளுக்கும் பாடம் சொல்லும் காரியம் இது. காரவேலன் கண்டிருந்தால் தன் சாசனத்தில் ஒரு வரி கூட்டியிருப்பான்.

குன்றுகளின் கதை இவ்வளவு சந்தோஷமானதன்று. மகாநதியின் குறுக்கே 1957இல் திறந்த ஹிராகுட் அணை சமவெளிக்கு வெள்ளக் காப்பும் பாசனமும் மின்சாரமும் தந்தது. அதற்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு நிலம் இழந்தார்கள். இரும்பும் பாக்ஸைட்டும் நிலக்கரியும் நிரம்பிய மலைகளில் வாழ்பவருக்கு அந்தச் செல்வமே சத்துருவாயிற்று. நியமகிரி மலையில் பாக்ஸைட் வெட்டலாமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே தீர்மானிக்கட்டும் என்று 2013இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னபோது, கூடிய பன்னிரண்டு கிராம சபைகளும், தங்கள் நியமராஜா வாசம் செய்யும் மலையைத் தோண்ட விடமாட்டோம் என்று ஏகமனதாக மறுத்தன. அம்மலைப் பழங்குடியினரான டோங்கிரியா கோந்தர் தங்கள் சொந்த மொழியிலே சொன்ன அந்த மறுப்பு செல்லுபடியாயிற்று.

மேற்கு மாவட்டங்களான பலாங்கீரிலிருந்தும் நுவாபடாவிலிருந்தும் அறுவடை முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக ரயிலேறித் தெலங்கானத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் செங்கல் சூளை வேலைக்கு வருகிறார்கள். நம் ஊர்களின் புது வீடுகளிலுள்ள செங்கல்லில் பல அவர்கள் அறுத்தவை. அவர்கள் குழந்தைகள் ஆறு மாதம் நம் சூளையோரத்திலும் ஆறு மாதம் தங்கள் ஊரிலுமாக, எந்த மொழியிலும் எழுத்துக் கூட்டத் தெரியாமல் வளர்கிறார்கள். எந்த அட்சரத்துக்காக அவர்களுடைய பாட்டன்மார் எழுபது ஆண்டு போராடி ஒரு மாகாணத்தையே பெற்றார்களோ, அந்த அட்சரம் அவர்களுடைய பேரர்களுக்கு நம் மண்ணில் மறுக்கப்படலாகாது. சூளை உள்ள ஊர்களில் வசிக்கும் வாசகர்கள், தம் பஞ்சாயத்தாரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் பேசி, அக்குழந்தைகளுக்கு ஒடிய வாசகப் புத்தகமும், வாசித்துக் காட்ட ஓர் ஆளும், மத்தியானம் நம் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் ஒரு வேளைச் சோறும் கிடைக்க வழிசெய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.